நாட்டு மர விதைகளை முளைக்க வைப்பது: உறக்கம் கலைக்கும் வேலையை எந்த வரிசையில் செய்வது?

கொன்றை விதையை ஒரு வாரம் தண்ணீரில் போட்டாலும் போட்டபடியே கிடக்கும். நாவல் கொட்டையை ஒரு வாரம் வெயிலில் காயவைத்தால் செத்தே போய்விடும். இரண்டையும் ஒரே பையில் கட்டி, மழை வரட்டும் என்று வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பிறகு ஒன்றும் முளைக்கவில்லை என்று மண்ணையும் உரத்தையும் குறை சொல்வார்கள்.

உயிர் இருந்தும், தண்ணீர் கிடைத்தும் விதை முளைக்காமல் கிடப்பதைத்தான் உறக்கம் என்கிறோம். பெரும்பாலும் கோளாறு மண்ணில் இல்லை, அதைக் கலைக்கும் வேலையின் வரிசையில்தான். விதைக்கு உயிர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, தண்ணீர் உள்ளே போகிறதா? போயும் முளைக்கவில்லை என்றால் உள்ளே என்ன தடை? வெளிச்சம், சூடு, மழை எல்லாம் அதற்கு அப்புறம்தான். தமிழ்நாட்டுச் சமவெளியின் வறண்ட பகுதிகளில் வளரும் மரங்களை வைத்து இந்த வரிசையை எழுதியிருக்கிறேன்.

1. விதை எடுக்கும் முன்பே தயார் செய்ய வேண்டியவை

நாற்றங்கால் கலவையை முதலில் கலந்து வைத்துவிடுங்கள். இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம் போதும். மணல் கூடுதலாக இருப்பது காற்றுக்காக. முளைக்கும் விதை மூச்சு விடும். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் அது முளைப்பதற்குள் அழுகிவிடும்.

உப்புத்தாள், நகவெட்டி, சமையலறைத் தராசு, பூவாளி, துணிப் பைகள், பென்சில் இவ்வளவுதான் கருவிகள். பென்சில் எதற்கு என்றால், பேனா மை முதல் தண்ணீரிலேயே கரைந்துவிடும். மரத்தின் பெயர், எடுத்த இடம், தேதி மூன்றையும் சீட்டில் எழுதிப் பைக்குள்ளேயே போட்டுவிடுங்கள். எந்த மரத்து விதை என்று தெரியாமல் உறக்கம் கலைக்க இறங்குவது வீண் வேலை.

காப்புக்காட்டுக்குள் விதை எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். சாலையோரம், ஏரிக்கரை, கோயில் தோப்பு, தெரிந்தவர் காடு என்று தேடினாலே தேவைக்கு மேல் கிடைக்கும். கோயில் தோப்பில் பூசாரியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள்.

2. முற்றிய விதையை அதன் பருவத்தில் எடுங்கள்

பிஞ்சில் எடுத்த விதையை எந்த மருந்தாலும் முளைக்க வைக்க முடியாது. வேப்பம்பழம் பச்சை மாறி மஞ்சளாகும்போது, ஆனி, ஆடியில், மரத்திலிருந்தே உலுக்கி எடுக்கலாம். நாவலும் இலுப்பையும் ஏறக்குறைய அதே பருவம். கருவேலம், வெள்வேல் நெற்றுகள் கோடையில் கிடைக்கும். கொன்றை நெற்று முழுக் கருப்பாகி, ஆட்டினால் உள்ளே சலசலக்க வேண்டும்.

தரையில் முதலில் உதிர்ந்து கிடப்பதைப் பொறுக்குவது சுலபம்தான். ஆனால் பூச்சி விழுந்ததும் சூம்பியதும் அதில்தான் அதிகம். முதல் உதிர்வை விட்டுவிட்டு நடுப்பருவத்தில் போங்கள். ஒரே மரத்தில் மொத்தமும் எடுக்காமல், தள்ளித் தள்ளி நிற்கும் சில மரங்களிலிருந்து எடுத்துக் கலந்துகொள்ளுங்கள். நிழலில் ஒண்டி வளர்ந்த மரத்து விதையும் பொட்டலில் நின்ற மரத்து விதையும் முளைக்கும் வேகத்தில் ஒன்றுபோல் இருக்காது.

3. வெட்டிப் பாருங்கள்

மொத்தத்தில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு இருபது விதை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே கெட்டியாக, நிறம் மாறாமல், ஓடு நிறைய இருந்தால் உயிர் உண்டு. வேப்பங்கொட்டையில் பருப்பு பச்சையாக இருக்க வேண்டும். பழுப்பாகிவிட்டால் அந்த மூட்டையை எருக்குழியில் கொட்டிவிடலாம். வேல மர விதைகளில் குண்டூசித் தலை அளவுக்கு வட்டமான துளை தெரிந்தால் வண்டு உள்ளே இருந்து தின்று வெளியேறிவிட்டது என்று அர்த்தம்.

தண்ணீரில் போட்டு மிதப்பதை எறிவது பிரபலமான வழி. அதை மட்டும் நம்பாதீர்கள். நன்றாகக் காய்ந்த நல்ல விதையும் உள்ளே காற்று இருந்தால் மிதக்கும். மிதப்பவற்றில் நான்கைந்தை வெட்டிப் பார்த்து, எல்லாம் வெறும் ஓடாக இருந்தால் மட்டும் கழியுங்கள்.

4. உறங்கவே தெரியாத விதைகளைத் தனியாகப் பிரியுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் இழப்பது இங்கேதான். எல்லா விதையையும் உலர்த்தி டப்பாவில் அடைத்தால் பத்திரம் என்ற எண்ணம் நெல்லும் பயறும் கொடுத்த பழக்கம். நாவல், இலுப்பை போன்றவற்றுக்கு அது பொருந்தாது. இவை ஈரத்தோடு விழுந்து, விழுந்த மழையிலேயே முளைக்கப் பிறந்தவை. ஈரம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கரு செத்துவிடும், பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் மீளாது.

நாவல் கொட்டைக்கு இரண்டு வாரம்தான் கெடு என்று வைத்துக்கொள்ளுங்கள். சதையைக் கழுவி, நிழலில் மேல் ஈரம் மட்டும் போகவிட்டு, அன்றைக்கோ மறுநாளோ விதைத்துவிட வேண்டும். இலுப்பைக்கும் இதே அவசரம். வேம்பு கொஞ்சம் பொறுக்கும், அதுவும் சில வாரங்கள்தான். வேப்பம்பழத்தைச் சதையோடு மூட்டையில் கட்டி வைத்தால் உள்ளே சூடேறிப் புளித்துவிடும். பறித்த அன்றே சதையை நீக்குங்கள்.

உடனே விதைக்க முடியாதபோது ஈரமான மணலில் கலந்து, மூடாத பானையில், நிழலில் வையுங்கள். பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டாதீர்கள். ஃப்ரிட்ஜிலும் வைக்காதீர்கள்.

ஃப்ரிட்ஜ் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். குளிர்நாட்டு ஆப்பிள், ஓக், மேப்பிள் விதைகளுக்குச் சில வாரங்கள் குளிரும் ஈரமும் கொடுக்க வேண்டும். அங்கே இலையுதிர் காலத்தில் விழும் விதை பனிக்காலத்துக்கு முன்பு முளைத்துவிட்டால் நாற்று உறைந்து சாகும். அதனால் ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகே எழுகிறது. அந்த ஊர்க் காணொளியைப் பார்த்து நாவல் கொட்டையைக் குளிரில் வைத்தால் அது அங்கேயே செத்துப்போகும். நம் சமவெளி மரங்கள் தாண்ட வேண்டியது கோடையை, பனியை இல்லை.

நாவலில் இன்னொன்றும் உண்டு. ஒரே கொட்டையில் இரண்டு மூன்று முளை வரும். நோய் என்று பிடுங்கிவிடாதீர்கள். நான்கு இலை வந்ததும் வலுவானதை வைத்துக்கொண்டு மற்றதைக் கிள்ளிவிடலாம்.

5. ஊறவைத்து எடை பாருங்கள்

மிச்சம் இருப்பவை காயப் பொறுக்கும் விதைகள். இவற்றுக்கு உப்புத்தாளா, வெந்நீரா என்று யோசிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. அதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள்.

ஐம்பது விதையை எடை போட்டுச் சாதாரணத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவையுங்கள். துடைத்துவிட்டு மறுபடி எடை போடுங்கள். எடை கூடி விதை உப்பியிருந்தால் தோல் தடையில்லை, சுரண்டுவதும் வெந்நீரும் வேண்டாம். புங்கன் இப்படித்தான். ஊறவைத்து விதைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் எழுந்துவிடும். அதற்குப் போய் வெந்நீர் ஊற்றினால் வெந்துதான் போகும்.

எடை கூடவில்லை, விதை போட்ட நாளின் பளபளப்போடு இருக்கிறது என்றால் தோல் தண்ணீரை விடவில்லை. கொன்றை, கருவேலம், வெள்வேல், வன்னி, குன்றிமணி, தாமரை எல்லாம் இந்த வகை. பாதி உப்பிப் பாதி அப்படியே இருப்பதும் சகஜம். அப்போது உப்பியதை அன்றே விதைத்துவிட்டு, உப்பாததை மட்டும் அடுத்த படிக்குக் கொண்டுபோங்கள்.

6. கெட்டித் தோலைத் திறப்பது

கொன்றை நெற்றை உடைத்தால் கருப்புப் பிசினுக்கு நடுவே மெல்லிய தடுப்புகள் இருக்கும். தடுப்புக்கு ஒன்றாகக் காசு அடுக்கியதுபோல விதைகள் படுத்திருக்கும். தட்டையாக, செம்பழுப்பாக, எண்ணெய் பூசிய மாதிரி மின்னும். அந்த மினுமினுப்புத் தோலில் நெருக்கமாக நிற்கும் கெட்டிச் செல் அடுக்குதான் தண்ணீரை மறிக்கிறது. அதில் ஓர் இடம் திறந்தால் போதும்.

குறைந்த விதைக்கு நகவெட்டியும் உப்புத்தாளும். நெற்றோடு ஒட்டியிருந்த தழும்பைக் கண்டுபிடியுங்கள். முளைவேர் அந்தப் பக்கம்தான் இருக்கும், அங்கே கை வைக்கக் கூடாது. அதற்கு எதிர்ப்பக்க விளிம்பை, உள்ளே வெளிறிய நிறம் தெரியும் வரை மட்டும் தேயுங்கள். பிறகு ஓர் இரவு தண்ணீரில் போட்டால் காலையில் இரண்டு மடங்காக உப்பி, தோல் கீறி, விரலுக்கு வழவழப்பாக இருக்கும். தாமரை விதைக்கும் இதே வேலைதான், ஓடு கல் மாதிரி இருப்பதால் அரம் வேண்டியிருக்கும்.

நிறைய விதைக்கு வெந்நீர். விதை ஒரு பங்கு என்றால் தண்ணீர் பத்துப் பங்கு. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, சில நிமிடம் பொறுத்து, சுமார் 80 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியதும் விதைமேல் ஊற்றி, மறுநாள் வரை அப்படியே ஆறவிடுங்கள். பயறு, வேலம் குடும்பத்து விதைகளில் தழும்புக்குப் பக்கத்தில் ஒரு பலவீனமான புள்ளி இருக்கும். சூட்டில் அது திறந்துகொள்ளும். வேல மரங்களுக்கு இது நன்றாக வேலை செய்யும். கொன்றைக்கு உப்புத்தாளே நம்பகமானது என்பது என் கருத்து.

விதையைப் போட்டு அடுப்பில் கொதிக்கவிடுவது, பத்துப் பங்குத் தண்ணீருக்குப் பதில் அரை டம்ளர் ஊற்றுவது இரண்டும் அடிக்கடி நடக்கும் தவறு. முதலாவதில் விதை வேகும், இரண்டாவதில் தண்ணீர் உடனே ஆறிவிடும். உப்பிய விதையை மறுபடி காயவைத்துப் பிறகு போடலாம் என்று நினைப்பது மூன்றாவது. தண்ணீர் உள்ளே போனதும் கரு வேலையைத் தொடங்கிவிடும், அதைப் பாதியில் நிறுத்தக் கூடாது. பெரிய நாற்றங்கால்களில் அடர் கந்தக அமிலத்தில் நனைத்து எடுப்பார்கள். வீட்டில் அந்த வேலையே வேண்டாம். கண் போனால் வராது.

இயற்கையில் இந்தத் தோலை யார் திறக்கிறார்கள்? சித்திரை, வைகாசியில் வெட்டவெளி மண் பகலில் கொதித்து இரவில் ஆறுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தில் அந்தப் பலவீனமான புள்ளி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். அடர்ந்த நிழலில் மண்ணுக்கு அவ்வளவு சூடு ஏறாது, அங்கே விதை கெட்டியாகவே கிடக்கும். பெரிய மரத்தின் கீழே முளைத்தாலும் பிழைக்க முடியாது என்பதால் அது அங்கே கிடப்பதே நல்லது. எல்லா விதையும் ஒரே வருடத்தில் திறப்பதுமில்லை. இந்த மழை பொய்த்தாலும் அடுத்த மழைக்குக் கொஞ்சம் மிஞ்சும்.

ஆட்டுப்பட்டி இன்னொரு வழி. கொங்குப் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொரங்காட்டில் வெள்வேல் நெற்றைத் தின்ற ஆடுகள் விதையைப் புழுக்கையில் போடும், அசைபோடும்போதும் துப்பும். பட்டியைக் கூட்டினால் படிக்கணக்கில் சேரும். ஆனால் பட்டி விதை எல்லாமே இளகியிருக்கும் என்று நம்பாதீர்கள். அதற்கும் ஐந்தாம் படிச் சோதனை உண்டு. இன்னொரு ஆபத்து, அந்த ஆடுகள் சீமைக்கருவேல் நெற்றும் தின்றிருக்கும். பட்டிக் கூட்டலை நேராக நிலத்தில் வீசினால் பிறகு பொக்லைன் வைத்துத்தான் பிடுங்க வேண்டியிருக்கும். நாற்றாக வளர்த்து, இலை பார்த்துப் பிரித்த பிறகே நிலத்துக்குக் கொண்டுபோங்கள்.

7. ஓட்டுக்குள் இருப்பவை

தேக்கு, நெல்லி, கடுக்காய், இலந்தை இவற்றில் நாம் விதை என்று எடுப்பது பெரும்பாலும் கொட்டை. உண்மையான விதை அதற்குள் இருக்கிறது. இங்கே உப்புத்தாள் உதவாது.

நெல்லி சுலபம். முற்றிய காயை வெயிலில் நன்றாகக் காயவிட்டால் கொட்டை தானாக வெடித்து விதை வெளியே வரும். சுத்தியலால் உடைப்பவர்கள் பாதி விதையை நசுக்கிவிடுகிறார்கள். கடுக்காய்க்கு சதையை நீக்கி, கொட்டையின் அகன்ற முனையைக் கரு படாமல் லேசாக நறுக்கி, ஒன்றரை நாள் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைக்க வேண்டும்.

தேக்குக்குத்தான் பொறுமை வேண்டும். பகல் முழுக்க வெயில், இரவு முழுக்கத் தண்ணீர் என்று மாற்றி மாற்றி ஒன்றிரண்டு வாரம் செய்யுங்கள். தொடர்ந்து ஊறவைப்பதில் பலன் குறைவு, காய்ந்து நனையும்போதுதான் ஓடு தளரும். புதுக் கொட்டையைவிட ஒரு வருடம் கிடந்த கொட்டை நன்றாக முளைக்கும். விதைத்த பிறகு நிழல்வலை போடாதீர்கள். தேக்குக்குச் சூடான மண் வேண்டும், திறந்த மேட்டுப்பாத்திதான் சரி. மற்ற நாற்றுகளோடு சேர்த்து வலைக்குள் வைத்துவிட்டு, விதை சரியில்லை என்பவர்கள் நிறைய.

8. தண்ணீர் குடித்தும் எழாதவை

விதை உப்பிவிட்டது, வெட்டினால் கரு நன்றாக இருக்கிறது, ஆனாலும் வாரக்கணக்கில் அசைவில்லை. தடை கருவுக்குள்ளேயே இருக்கிறது. நேரமோ, வேறு ஒரு தூண்டுதலோ தேவை.

சந்தனம் இதற்கு நல்ல உதாரணம். பழத்தைக் கசக்கிக் கழுவி நிழலில் உலர்த்திய புது விதை ஏறக்குறைய இரண்டு மாதம் உறங்கும். காத்திருக்கலாம். அவசரம் என்றால், செடி வளர்ச்சியைத் தூண்டும் ஜிப்பரெல்லிக் அமிலக் கரைசலில், லிட்டருக்கு அரை கிராம் அளவில், ஓர் இரவு ஊறவைக்கலாம். அந்தப் பொடி தண்ணீரில் எளிதில் கரையாது. முதலில் சில சொட்டு ஸ்பிரிட்டில் கரைத்துவிட்டுப் பிறகு தண்ணீரில் ஊற்றுங்கள். அளவைக் கூட்டினால் நாற்று நூலாக நீண்டு சாயும். சந்தனம் வேறு செடியின் வேரைப் பிடித்து வாழும் மரம். முளைத்த நாற்றைப் பைக்கு மாற்றும்போதே கூடவே ஒரு துவரையும் போடுங்கள்.

கொழுக்கட்டைப்புல்லுக்கு மருந்தே வேண்டாம். உருவிய கையோடு விதைத்தால் மிகக் குறைவாகத்தான் வரும். துணிப் பையில் கட்டி, ஈரம் படாத இடத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் உறக்கம் தானாகக் கலைந்துவிடும்.

புகைத் தண்ணீர் பற்றியும் கேட்கிறார்கள். அடிக்கடி தீப்பிடிக்கும் தென்னாப்பிரிக்க, ஆஸ்திரேலியப் புதர்க்காட்டுச் செடிகளில் பலவற்றுக்குப் புகைதான் தூண்டுதல். இங்கே சொன்ன மரங்களுக்கு அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

9. ஆழம், வெளிச்சம், சூடு

விதையின் தடிமன் எவ்வளவோ அதைப்போல் ஒன்றிலிருந்து இரண்டு மடங்கு மண் மேலே இருந்தால் போதும். ஆழத்தில் போட்டால் மேலே வருவதற்குள் சேமிப்பு தீர்ந்துவிடும்.

ஆல், அரசு, அத்தி விதைகளை மூடவே கூடாது. இவை கடுகைவிடச் சிறியவை, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கத் துணியும். மதில் வெடிப்பிலும் பனை மட்டை இடுக்கிலும் அரசு முளைத்திருப்பதைப் பாருங்கள். பறவை எச்சத்தில் விழுந்த விதைக்கு அங்கே வெளிச்சமும் கொஞ்சம் ஈரமும் கிடைத்திருக்கிறது, மண் மூடவில்லை. பழுத்த பழத்தை உலர்த்தி நொறுக்கி, மெல்லிய மணலோடு கலந்து ஈரக் கலவையின்மேல் தூவுங்கள். பூவாளியால் ஊற்றினால் விதை அடித்துப்போகும். தொட்டியின் அடியைத் தண்ணீரில் வைத்து ஈரத்தை மேலே ஏறவிடுங்கள். மேலே கண்ணாடியோ தெளிவான பாலிதீன் தாளோ போட்டால் காயாது.

மற்றவற்றுக்குக் காலையில் ஒருமுறை பூவாளித் தண்ணீர் போதும், வெயில் கடுமையாக இருந்தால் மாலையில் இன்னொரு முறை. விரலை நுழைத்துப் பார்த்து ஈரம் இருந்தால் ஊற்றாதீர்கள். எழுந்த நாற்று தரைமட்டத்தில் கருகிச் சாய்ந்தால் அது நாற்றழுகல். தண்ணீரைக் குறைத்து நெருக்கத்தைக் கலைப்பதுதான் முதல் வைத்தியம். மார்கழி, தையில் இரவு குளிர்வதால் முளைப்பு மந்தமாகும், பதறாதீர்கள்.

10. நேராக நிலத்தில் போடுவதாக இருந்தால்

நாற்றங்காலில் நல்ல பழக்கம் நிலத்தில் கெட்டதாகிவிடும் இடம் இது. உறக்கம் கலைத்த விதையை நாற்றங்காலில் தினமும் நனைக்க நாம் இருக்கிறோம். நிலத்தில் சித்திரையில் ஒரு கோடை மழை பெய்யும், திறந்த விதை எல்லாம் எழும், அடுத்த பத்து நாள் வெயிலில் அத்தனையும் கருகும். திறக்காத விதை அந்த மழையை ஏமாற்றிவிட்டுக் காத்திருக்கும்.

அதனால் வடகிழக்குப் பருவமழை பிடித்த பிறகு, ஐப்பசியில் நிலம் ஒரு சாண் ஆழம் நனைந்ததும் போடுங்கள். வேல மர விதையில் பாதியைத் திறந்து, பாதியைத் திறக்காமல் கலந்து போடுங்கள். முதல் பாதி தவறினாலும் மறுபாதி மண்ணில் இருக்கும்.

விதைப்பந்துக்கும் இதுதான் கணக்கு. நாவலையும் இலுப்பையையும் களிமண்ணில் உருட்டி வெயிலில் காயவைப்பது விதையைக் கொல்லும் வேலை, படம் எடுக்க மட்டும் உதவும். வெள்வேல், கருவேலம், கொன்றைக்கு விதைப்பந்து சரிப்படும். ஆனால் உருட்டுவதற்கு முன்பு ஊறவைக்கக் கூடாது. நனைந்த விதை பந்து காயும்போதே செத்துவிடும்.

11. முளைக்காத பாத்தியை என்ன செய்வது

நாவல், வேம்பு, புங்கன் பாத்தியில் ஒரு மாதம் கழித்தும் ஒன்றும் இல்லையென்றால் நாலு விதையைத் தோண்டி வெட்டிப் பாருங்கள். அழுகியிருந்தால் பாத்தியைக் கலைத்துவிடலாம்.

கொன்றை, வேலம், தேக்குப் பாத்தியை அப்படிக் கலைக்கக் கூடாது. தோண்டி எடுத்த விதை அழுத்தினால் கல்லாக இருந்தால் அது உயிரோடு உறங்குகிறது. சலித்து எடுத்து ஆறாம் படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தேக்குக் கொட்டையை மட்டும் எடுக்க வேண்டாம். பாத்தியைக் காயவிட்டு, களை மட்டும் பிடுங்கிவிட்டு, அடுத்த மழை வரைக்கும் சீட்டோடு அப்படியே விட்டுவைக்கலாம். இரண்டாம் வருடமும் அதில் முளைப்பு வரும்.